மஞ்சள் போட்டுக் கழுவிய எலி

“உறைந்த இரையைக் குளிர்சாதனப் பெட்டியில் இளக விடவும். பின்னர் பையோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, உலர்ந்த நிலையில் இடுக்கியால் கொடுக்கவும்.” பாம்பு விற்றவர் தந்த தாளின் நான்காம் விதி இது. சுவிஸில் ஷ்லீரன் ஊர்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். விதியில் ஒரு படியைத் தவறவிட்டதே இல்லை. ஒரு படியைக் கூட்டுவதும் தவறுதான் என்பது மட்டும் ஓய்வு பெற்ற பிறகே தெரிந்தது.

பாம்பு மகளுடையது. நஞ்சில்லாதது, செம்மஞ்சள் நிறம், ஒரு மீற்றர் நீளம். குளிர்காலம் முழுக்க எங்கடின் மலைப்பக்கம் ஹோட்டல் வேலை என்று, கண்ணாடித் தொட்டியையும் ஒரு பை எலிகளையும் என்னிடம் ஒப்படைத்துப் போனாள். வாரம் ஓர் எலி. உறைபெட்டியில் அறக்குளா மீனுக்குக் கீழே அவற்றுக்கு இடம் தர மனைவி சம்மதித்தாள், சமையலறைக்கு ஒரு நிபந்தனையோடு.

“என்ரை குசினியிலை உந்த எலியை வைக்கிறதெண்டால் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுங்கோ. சொல்லிப்போட்டன்.”

நியாயம்தானே. எங்கள் வீட்டில் மீனோ கோழியோ அப்படிக் கழுவாமல் சட்டிக்குள் போனதில்லை. கழுவினேன்.

பாம்பு நாக்கை நீட்டிப் பார்த்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. ஐந்து எலிகள் குப்பைக்குப் போயின. பாம்பின் முதுகெலும்பு புடைத்துத் தெரியத் தொடங்கியது. காலையில் தேநீருக்கு முன், அது அசைகிறதா என்று பார்க்கப் போவேன். மகளுக்குச் சொல்லத் துணிவில்லை. விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். நீரின் வெப்பம், நிமிடம், ‘மூன்றாம் படி: மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுதல்’ என எல்லாவற்றையும் அட்டவணையாக இணைத்தேன். பதில் இல்லை.

ஆறாவது எலியின் முறை சாம்பல் புதனன்று வந்தது. பூசையால் வந்து, நெற்றியில் சாம்பலோடு இடுக்கியைத் தூக்கிய நேரம் மகள் வீடியோவில் அழைத்தாள்.

“அப்பா, உந்த எலி ஏன் மஞ்சளாக் கிடக்கு?”

“கழுவினனான்.”

“மஞ்சள் போட்டோ?”

“உப்பும்.”

“தேசிக்காய்ப் புளி விடேல்லையோ? ஐயோ அப்பா, அது மணத்திலைதான் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கிறது! கறியே வைக்கப் போறியள்?”

“கழுவாட்டி என்ரை குசினி...” என்றாள் மனைவி.

“அம்மா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ!”

வாழ்நாளில் முதன்முறையாக விதியை மீறினேன். குளிர்சாதனப் பெட்டியில் இளகக் காத்திருக்காமல், இன்னோர் எலியைப் பையோடு நேரே வெந்நீரில் போட்டேன். மனைவியே ஒரு பழைய சட்டியை நீட்டினாள். “இதை இனி நீங்களே வச்சிருங்கோ.”

கழுவாத எலியை நீட்டினேன். நாக்கு ஒருமுறை, இருமுறை. தலை மெல்ல உயர்ந்தது. அடுத்த கணம் இடுக்கியே கையில் அதிர்ந்தது! பாம்பு எலியைச் சுற்றி இறுக்கி, தலைப்பக்கமாக விழுங்கத் தொடங்கியது.

“விழுங்குது! விழுங்குது!” என்று கத்தியது, பார்க்கவே மாட்டேன் என்றிருந்த மனைவி. தொலைபேசிக்குள் மகள் கைதட்டினாள். வால் நுனியும் மறைந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

“நாங்கள் ஒருநேரச் சாப்பாட்டோடை ஒருசந்தி, உவருக்கு விருந்து,” என்று மனைவி தொட்டியைத் தட்டிச் சிரித்தாள்.

பாம்பு அதன்பின் ஒரு வாரத்தையும் விடவில்லை. தோலும் உரித்தது. விற்றவரின் பதில் இரண்டு வரி: “உங்கள் அட்டவணை மிகச் சிறப்பு. மூன்றாம் படியை மட்டும் நீக்கிவிடவும்.” அது வந்து சேர்ந்தது ஆறு வாரம் கழித்து, கோவிலில் பாதம் கழுவும் பெரிய வியாழனன்று.