அடுப்படிக்குப் போன ஸ்பீக்கர்

போன வாரம் டிவிக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் நீளமாக ஒரு பொருளும் முழ நீளத்துக்கு ஒரு வயரும். ஒரு முனையை அதில் செருகி, மறுமுனையை டிவியில் செருகினால் வேலை முடிந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர்களோடு உட்கார்ந்திருந்த எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆறுதலுக்கு வயரை முகர்ந்து பார்த்தேன். புது வயரின் மணம் நேரே அண்ணாச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டது.

அப்போது நான் கோவில்பட்டியில் ஓர் ஆடியோ கடையில் இருந்தேன். ஹோம் தியேட்டரோடு வரும் ஆங்கிலக் கையேட்டை வாசித்து, வீடுகளில் மாட்டிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். அந்தப் படிப்பால் எனக்குச் சோறு போட்ட ஒரே நூல் அந்தக் கையேடுதான்.

எங்களிடம் ஹோம் தியேட்டர் வாங்கிய அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது; தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சாயங்காலமானால் ஹாலில் நாலைந்து ஆண்கள் கூடிவிடுவார்கள். அவர்கள் இருக்கும்வரை வீட்டுக்கார அக்கா ஹாலுக்கு வரமாட்டார். நான் ஸ்பீக்கர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நின்றபடி சொன்னார்: “தம்பி, பின்னால மாட்டுததுல ஒண்ண இங்கன மாட்டுங்க. படத்தக் காதாலயாவது கேட்டுக்கிடுதேன்.”

சுவரில் ஓட்டை போட்டு மாட்டினேன். பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கரில்தான் வரும், பின்னால் இருப்பவற்றில் மழை, காற்று, குதிரை மட்டும்தான் வரும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இலக்கிய மாணவன் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிட்டான்.

மறு வாரம் அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனேன்.

“தம்பி, நேத்துப் படத்துல மழை. எனக்கென்ன தெரியும்? மொட்டமாடிக்கு ஓடி மிளகா வத்தலப் பூராவும் அள்ளிட்டு வந்துட்டேன். பொட்டு மேகம் இல்ல. பக்கத்து வீட்டுக்காரி சிரிக்குதா. எனக்கு மழை வேண்டாம், பேசுதது வேணும்.”

“பேச்சு ஒரு ஸ்பீக்கர்லதான்க்கா வரும். இங்கன குடுத்தா ஹால்ல கேக்காது.”

“இத்தன வருசமா ஹால்லதான எல்லாரும் பேசுதாவ? ஒருநாள் சும்மா இருக்கட்டும்.”

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இரண்டு வயர்களை இடம் மாற்றிச் செருகினேன். கடைக்குத் திரும்பியிருக்கலாம், வடைக்கு மாவு ஆட்டும் சத்தம் கேட்டதால் தங்கிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சியும் நண்பர்களும் படம் போட்டார்கள். கதாநாயகன் வாயைத் திறந்தான், இடிதான் இடித்தது. அடுப்படியிலிருந்து அக்காவின் சிரிப்பு வந்தது.

“ஏட்டி, என்ன சொன்னான்?” என்று கத்தினார் அண்ணாச்சி.

“வீட்டோட மாப்பிள்ளையா இருக்க மாட்டேங்கான்!”

கொஞ்ச நேரத்தில் மறுபடி சிரிப்பு. மறுபடி “என்ன சொன்னான்?” அடுத்த சிரிப்புக்கு அண்ணாச்சி எழுந்து அடுப்படி வாசலுக்கே போய்விட்டார். பின்னாலேயே நண்பர்கள். ஹாலில் நானும் குதிரைகளும்தான் மிச்சம்.

“என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?” என்று அங்கிருந்தே கேட்டார் அண்ணாச்சி. நான் வடையை விழுங்குவதற்குள் அவரே சொன்னார்: “பழையபடி மாத்தும். ஏட்டி, நீயும் வந்து உக்காரு.”

“வட தீஞ்சிரும்.”

“அடுப்ப அமத்திட்டு வா.”

முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து சோபா ஓரத்தில் அக்கா உட்கார்ந்தார். அப்புறம் எப்போது போனாலும் அந்த ஓரம் அவருடையதாகவே இருந்தது. ஹாலில் முதல் சிரிப்பும் அவருடையதுதான்.

அந்த ஆடியோ கடை இப்போது செல்போன் கடை. வயர் இழுக்க யாரும் ஆள் தேடுவதில்லை.

சவுண்ட்பாரில் படம் போட்டேன். இந்தக் காலத்துக் கதாநாயகர்கள் தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார்கள். ஒரு வசனம் பிடிபடவில்லை. பழக்க தோஷம், அடுப்படி வாசலுக்குப் போய் மனைவியிடம், “என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

செல்போனில் ஏதோ சீரியல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், காதிலிருந்ததைக் கழற்றினாள்.

“யாரு?”