கீழ்த்தளத்தில் நனைந்த தீபாவளித் துணிகள்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கும்மிடிப்பூண்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வெள்ளையடித்து முடிக்கும் வரை துணிகளைத் தரைக்கடியில் உள்ள கீழ்த்தளத்தில் வைக்கச் சொன்னவர் கட்டட உரிமையாளர்தான். அங்கே சேரும் தண்ணீரை இறைக்கும் மோட்டாரைக் கழற்றி ஆர்.கே.பேட்டையில் உள்ள தன் நிலத்துக்குக் கொண்டுபோனதை மட்டும் அவர் சொல்லவில்லை. மழை கொட்டியது. கம்பெனித் தொழிலாளர்கள் தைக்கக் கொடுத்த தீபாவளித் துணியெல்லாம் சேற்றில் நாசமானது. உரிமையாளரிடம் போய் நஷ்டஈடு கேட்டேன்.

“மழ பெஞ்சா நான் இன்னாய்யா பண்றது? வானத்தாண்ட போய்க் கேளு” என்று சிரித்தார்.

“மோட்டார கழட்டினது வானமாண்ணா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லோருக்கும் நானே புதுத்துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். என்னை நம்பித் தந்த துணிக்கு நான் பொறுப்பென்றால், அவரை நம்பி வைத்த துணிக்கு அவர் பொறுப்பில்லையா?

இப்போது யார் சொன்னாலும் பிறத்தியார் துணியைத் தரைக்குக் கீழே இறக்குவதில்லை.

இதை எழுதி முடித்தது கார்த்திகை முதல் ஞாயிறு.