டர்போ வேனில் ஒரு கெட்டிமேளம்

பதுளைப் பக்கம் வேன் பிடித்துப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்பதுண்டு. எனக்கோ வழியைவிட வண்டியைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் பத்தரைக்கு. ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மேளம் வாசிக்கப் புறப்பட்டோம். நான் தவில், மாரிமுத்து மாமா நாயனம். வேன் என் மச்சான் செல்வத்தினுடையது, ஓட்டியதும் அவன்தான். டர்போ வைத்த, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சுழலி பூட்டிய, ஜப்பான் டீசல் எஞ்சின். எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் காணாதது. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஏழரைக்கே ஏறிவிட்டோம்.

வேன் நகர்ந்தது, ஆனால் ஊர்ந்தது.

"ஏன் மாப்ள, மாடு பூட்டியா ஓட்டுற?" என்றார் மாமா.

"எஞ்சின் ஒயில் சூடாகி எல்லா எடமும் போய்ச் சேரணும் மாமா. நாயனத்துல காஞ்ச சீவாளிய வச்சு எடுத்த எடுப்புலயே ஊதுவீங்களா நீங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஹப்புத்தளை ஏற்றம் முடியும் இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில். நம் ஆட்கள் எந்த வண்டியில் போனாலும் அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள். மச்சான் தேங்காயோடு இறங்கினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாமி முன்னால் இப்படி உறுமலாமா என்று மாமா எட்டிச் சாவியைத் திருகிவிட்டார்.

மச்சான் பாய்ந்து வந்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினான். "ஐயோ மாமா! மேடு ஏறுன சூட்டோட நிப்பாட்டுனா டர்போவுக்கு ஒயில் போகாது. உள்ள இருக்கிற ஒயில் கருகிப் போயிரும். ரெண்டு நிமிசம் சும்மா ஓடி ஆறணும்."

"சாமி கோவிச்சுக்கும்டா!"

"சாமி கோவிச்சா தேங்கா ஒடச்சு சமாதானம் பண்ணலாம். டர்போ கோவிச்சா எந்தத் தேங்காயும் எடுபடாது!"

பண்டாரவளையில் சந்தை. மரக்கறி லொறிகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மேளம் இல்லாமல் எப்படித் தாலி கட்டுவார்கள்? வழி கிடைத்ததும் மச்சான் விரட்டினான் பாருங்கள், அப்பப்பா! தெமோதரை வளைவுகளில் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பந்தல் வாசலில் வேன் நின்றபோது பெண்ணின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"நேரம் போகுதுங்க! மாப்பிள்ள தாலியக் கையில எடுத்துட்டாரு!"

இறங்கிக் கூட்டத்துக்குள் புக நேரமில்லை. தவில் அடிக்கும் விரல்களில் கூடு மாட்டியிருந்தேன். மாமா சீவாளியை நனைத்துத் தயாராக வைத்திருந்தார். வேன் கதவைத் தள்ளித் திறந்து, இருந்த இடத்திலிருந்தே முழக்கினோம் கெட்டிமேளம்! பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அட்சதை பறந்தது. மூன்று முடிச்சும் விழுந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக வாசித்ததில்லை.

அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை மச்சான் அப்போதுதான் அணைத்தான். "சரி, ஆறிருச்சு. இப்ப எறங்குங்க."

டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒயிலைக் காலம் தவறாமல் மாற்றுங்கள், நல்ல ஒயிலாக ஊற்றுங்கள். காலையில் எஞ்சினை விரட்டாதீர்கள். மேடு ஏறி வந்தால் உடனே அணைக்காதீர்கள். சந்தை நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

அன்று தாலி ஏறிய பெண்ணின் மகளுக்கும் பிறகு கல்யாணம் நடந்தது. அதற்கும் நாங்கள்தான் மேளம். போனதும் அதே வேன், ஒரு தடவைகூடப் பிரிக்காத அதே எஞ்சின்.