மீனை விட்டுடலாமான்னு கேக்க வர்றவங்க

வண்ணமீன் கடை என்று போர்டு மாட்டியிருக்கிறோமே தவிர, எங்கள் தொழிலில் பாதி நாள் மீன் வளர்ப்பதை விட்டுவிடலாமா என்று கேட்டு வருகிறவர்களோடுதான் போகும். நீங்களும் வீட்டில் ஒரு தொட்டி வைத்திருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. வாங்கின அன்றைக்கு வீடே தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மூன்றாம் வாரம் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கும். நாலாம் வாரம் ஒன்று மிதக்கும். அப்புறம் காலையில் எழுந்து தொட்டிப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஒரு தொட்டி வைத்திருக்கிற உங்களுக்கே இப்படி என்றால், நாற்பது தொட்டி வைத்திருந்த என்னைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

திண்டிவனத்தில் எங்கள் கடைக்கு ஒன்பது வயது. அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் சொந்தத்தில் கடை என்று ஒன்றை முதலில் திறந்தவள் நான்தான். கடையில் எனக்குத் துணை எஸ்தர் அக்கா. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், கடையைக் கூட்டிப் பெருக்க வந்தார். இன்றைக்கு எந்த மீனுக்கு என்ன கோளாறு என்பது என்னைவிட அவருக்குத்தான் சீக்கிரம் தெரியும்.

வாத்தியாருக்கு ஒரு வாரம் தடை

ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். கையில் ஒரு நோட்டு. தண்ணீர் எத்தனை டிகிரி, எந்த மீன் எத்தனை தடவை வாயைத் திறந்தது, எது எந்த மூலையில் நின்றது என்று தேதி வாரியாக எழுதியிருந்தார். பன்னிரண்டு மீனில் ஏழு போய்விட்டன. அவருக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இருக்கிற ஐந்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், என்னால் முடியவில்லை என்றார். தண்ணீர் எப்போது மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். தினமும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்து, கல்லையெல்லாம் கழுவி, ஃபில்டர் பஞ்சைக் குழாயில் பிழிந்து வைப்பேன் என்று பெருமையாகச் சொன்னார். எஸ்தர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்துத்தான் அவர் தினமும் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் தொட்டிக்குள் கையே வைக்கக் கூடாது, காலையில் ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான். அதற்கப்புறமும் விட்டுவிடத் தோன்றினால் கொண்டு வாருங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். இரண்டாம் நாள் போன் பண்ணி, கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைக்கலாமா என்று கேட்டார். அதுவும் கூடாது என்றேன். நாலாம் நாள் அவருடைய வீட்டுக்காரம்மா பேசினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி எதிரிலேயே நிற்கிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றார். எட்டாம் நாள் வாத்தியார் வெறுங்கையோடு வந்தார். ஐந்து மீனும் நன்றாக இருக்கின்றனவாம், தண்ணீர் பளிச்சென்று இருக்கிறதாம். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் கொஞ்சம் மனத்தாங்கலோடு உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே பண்ணலன்னா நல்லா இருக்குதுங்க மேடம், அப்ப இத்தினி நாளா நான்தான் அதுங்களுக்கு வியாதியா?"

மரக்காணத்திலிருந்து வந்த தங்கமீன்

மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு கடல் மீனவர், மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் கேட்டாள் என்று ஒரு தொட்டியும் இரண்டு தங்கமீனும் வாங்கினார்கள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. குழம்புக்கும் ஆகாது, வறுக்கவும் ஆகாது, இதைப் போய்க் காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கடையில் இருந்த எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அந்த மீனவர் மட்டும் பஸ் ஏறி வந்தார். மடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு தங்கமீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கடலுக்கே போகவில்லையாம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, இந்தச் சனியனே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்லிவிட்டுப் பையை மட்டும் கீழே வைக்கவில்லை. எஸ்தர் அக்கா வாங்கிப் பார்த்தார். வீட்டில் ஆளாளுக்குத் தீனி போட்டு வயிறு உப்பியிருந்தது. மூன்று நாள் பட்டினி போட்டால் சரியாகும், அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும், விடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம் என்றார். தினமும் அந்த மீனவர் போன் பண்ணினார். மூன்றாம் நாள் மீன் நிமிர்ந்து நீந்தியது.

குடும்பத்தோடு வந்து அழைத்துப் போனார்கள். ஆமாம், அழைத்துத்தான் போனார்கள். அன்றைக்குச் சிரித்த அந்த அம்மா எங்களுக்கு ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தார். இவ்வளவு மீன் பார்த்த ஆள் இந்த ஒன்றுக்கா கலங்கினீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மகளைக் காட்டிச் சொன்னார்.

"கடல்ல எம்மாம் மீனு புடிச்சிருக்கேன், ஒண்ணுக்கும் பேரு கெடையாதுங்க, இதுக்கு எங்க பாப்பா பேரு வச்சிட்டுது, அதான் பேஜாரா போச்சி."

விழுப்புரத்து ஆஸ்கர்

எல்லோரையும் நான் பிடித்து வைப்பதில்லை. விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணினார். முப்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். போவதற்கு முன்னால் ஹாலில் நாலடித் தொட்டி வைத்து, அதில் ஆஸ்கர் என்கிற பெரிய ஜாதி மீன் ஒன்றை வளர்த்தவர். இந்தப் பெண் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். தையல் மிஷினுக்கு ஹாலில் இடமில்லாமல் அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து தைக்கிறார். தினமும் வீடியோ கால் வரும். வந்ததும் மீனைக் காட்டு என்பாராம். பத்து நிமிஷம் மீனைப் பார்த்து, ஃபில்டரைக் கழுவினாயா என்று கேட்டு வைத்துவிடுவாராம். மீனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், அந்தப் பெண் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

நானும் எஸ்தர் அக்காவும் போய்ப் பார்த்தோம். மீன் கொழுகொழுவென்று இருந்தது. அந்தப் பெண்தான் இளைத்திருந்தார். விடுவதில் தப்பே இல்லை, நல்ல இடமாகப் பார்த்து விட்டால் போதும் என்றேன். மயிலம் ரோட்டில் சிமென்ட் தொட்டி கட்டி இந்த ஜாதி மீனாகவே வளர்க்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். அந்தப் பெண் எங்கள் முன்னாலேயே குவைத்துக்குப் போன் போட்டார்.   வீட்டுக்காரர், அந்தச் சிமென்ட் தொட்டி எவ்வளவு ஆழம், நிழல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் சரி என்றவர், உனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததை ஏன் சொல்லவே இல்லை என்று மனைவியைக் கேட்டார். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வண்டியிலேயே, ஒரு பெரிய டிரம்மில் அன்றைக்கே ஆஸ்கரை ஏற்றிக்கொண்டு போனோம்.

இரண்டு மாதம் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்த அந்தப் பெண் கடைக்குள் எட்டிப் பார்த்தார். மிஷின் இப்போது ஹாலில், ஜன்னலோரம். ஆர்டர் கூடியிருக்கிறது. வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று எஸ்தர் அக்கா விசாரித்தார். அந்தப் பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"இப்பல்லாம் போன் பண்ணா மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கறாருங்க, வேற காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கே வந்த கேள்வி

ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன எனக்கும் ஒரு கார்த்திகை மாதம் அந்தக் கேள்வி வந்தது. சனிக்கிழமை காலையில் பிடித்த மழை விடவில்லை. கரண்ட் போயிற்று. மத்தியானத்துக்குள் கடைக்குள் முழங்கால் தண்ணீர். தொட்டிகளுக்குக் காற்று விடுகிற மோட்டார் பேட்டரியில் நாலு மணி நேரம் ஓடி நின்றது. நானும் எஸ்தர் அக்காவும் ஆளுக்கொரு சொம்பை எடுத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்றினோம். அப்படி ஊற்றினால் தண்ணீரில் கொஞ்சம் காற்று கலக்கும். இந்தத் தொட்டியை முடித்து அடுத்ததுக்குப் போவதற்குள் முதல் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். கீழ்த்தட்டுத் தொட்டிகள் அப்போதே மூழ்கிவிட்டன. அதில் இருந்ததெல்லாம் கப்பி, விரல் நுனி அளவுக் குட்டி மீன்கள். கதவிடுக்கு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டன.

மறுநாள் போய்ப் பார்த்தபோது தங்கமீன் ஒன்றுகூட உயிரோடு இல்லை. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த கௌராமி ஜாதி மட்டும் பிழைத்திருந்தது. பெயர் வைக்காவிட்டாலும் எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். கடைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, கடையை மூடிவிடுகிறேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர், மூடினால் மூடு, முதலில் உன் உடம்பைப் பார் என்றார். ஏதாவது ஆறுதல் வரும் என்று எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

"மூடறதுன்னா மூடிக்கலாம்மா, மொதல்ல எழுந்துரு, தரை காயணும்."

மூடப்போகிற கடை

கடை காலி செய்யப்படுகிறது, மிச்சமுள்ள மீன், தொட்டி எல்லாம் விற்பனைக்கு என்று அட்டையில் எழுதி மாட்டினேன். அதற்குப் பிறகு பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரவில்லை. விட்டுவிடுவது இவ்வளவு சுகமா என்று இருந்தது.

பதினோராம் நாள் மொபைல் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்து, உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஒரு கௌராமியைக் கேட்டார். எடுத்துப் பையில் போட்டுவிட்டேன். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். மேஜை மேல் வைக்க ஒரு கண்ணாடிக் கிண்ணம் வாங்கியிருப்பதாகச் சொல்லிக் கையை விரித்துக் காட்டினார். பொரி உருண்டை அளவு. பையை அவிழ்த்து மீனைத் திரும்பத் தொட்டியில் விட்டேன். அதில் திரும்பக்கூட முடியாது, மூன்றடித் தொட்டியாவது வேண்டும், வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று நான் பேசிக்கொண்டே போக, அவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். அன்றைக்கு மட்டும் இப்படி மூன்று பேரை அனுப்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. எஸ்தர் அக்கா வாசலில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூடப்போற கடைக்கு எதுக்கும்மா இத்தினி சட்டம்?"

சம்ப்புக்குள் இருந்தவை

 இரண்டு நாள் கழித்துப் பின்தெருவிலிருந்து ஒரு அம்மா இடுப்பில் குடத்தோடு வந்தார். இதற்குமுன் எங்கள் கடைக்குள் கால் வைத்தவர் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சம்ப்பை, அதாவது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை, கழுவ மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே கலர் கலராக வாலை ஆட்டிக்கொண்டு நூறு மீனாவது இருக்குமாம். குடத்துக்குள் பார்த்தேன். என் கப்பிகள். அதில் பாதி, வயிறு பெருத்த பெட்டைகள். எஸ்தர் அக்கா குடத்துக்குள்ளேயே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று வீட்டிலிருந்து ஒரு பக்கெட், ஒரு குண்டான், ஒரு பெயின்ட் டப்பா என்று வந்து சேர்ந்தன. கொசுப்புழுவையெல்லாம் இவை தின்றதில் இத்தனை நாள் கொசு கூட இல்லை என்று ஒருவர் சொன்னார். கொடுத்துவிட்டு யாரும் போகவில்லை. மூடப்போகிற கடைக்குள் நின்று எந்த மீன் அழகு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எப்போது தொட்டியைக் கழுவினேன், எப்போது மோட்டாரைப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. யாரோ டீ வாங்கி வந்தார்கள். குட்டி போடுகிற கப்பியைப் பார்க்க எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம்.

கடையை மூடப்போகிறேன் என்று அந்த முதல் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூடிட்டு போய்க்கினே இருந்தா, இதுங்கள மறுபடி எங்க சம்ப்புல வுட்டுக்கச் சொல்றியாம்மா?"

அன்றைக்கே அட்டையைக் கழற்றினேன். நாற்பது தொட்டியைப் பதினைந்தாகக் குறைத்தேன். கரண்ட் போனதும் உயிரை விடுகிற ஜாதிகளை இனி வாங்குவதில்லை, தாக்குப்பிடிக்கிற கப்பியும் கௌராமியும் போதும் என்று முடிவெடுத்தேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. ஆக, பாதியை விட்டால் மீதியை விட வேண்டியதில்லை என்பதுதான் இவ்வளவு பாடுபட்ட பிறகு நான் கண்டுபிடித்தது, ஆனால் மீனுக்கு லீவு என்றால் என்னவென்று தெரியாததால் செவ்வாய்க்கிழமையும் தீனி போட ஒரு நடை போய்விட்டுத்தான் வருகிறேன்.