நெட்டி வெட்டிய பூட்டு

2016 டிசம்பர் 14: ஐந்தாம் எண் வீட்டு முகப்பு எரிந்ததில் சேதம், 11,300 டாலர்.
2017 ஜனவரி 3: வெளி மின்பெட்டிக்குப் பூட்டு, 23 டாலர் 40 சென்ட்.
2017 ஜனவரி 6: அபராதம், 150 டாலர்.
2017 ஜனவரி 11: வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். தொகை எதுவும் இல்லை.

இவற்றில் முதல் வரிக்கு நெட்டி வொலோஷின் காரணமில்லை. மற்ற மூன்றும் அவள் தலையில் விழுந்தவை. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

வில்லோ ரிட்ஜில் ஓய்வுபெற்றவர்களுக்கான வாடகை வீடுகள் பதினான்கு, ஒரே வரிசையாக இருக்கின்றன. நெட்டி எட்டாம் எண்ணில், நான் ஒன்பதில். மானிடோபா மாகாணத்தின் இந்தப் பக்கத்தில் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். பனிப்புயலில் மூன்று முறை வண்டியோடு சாலையில் மாட்டியிருக்கிறாள். ஒரு குழந்தைக்குக்கூட விரல் விறைத்ததில்லை. அவளுடைய சொந்தக் காரைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். அக்டோபரிலேயே பனிச் சக்கரங்கள் மாட்டியாகிவிடும். பின்பெட்டியில் மண்வெட்டி, மணல் மூட்டை, கம்பளி, காப்பி டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும். குளிர்காற்றை மறிக்க ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டாள்.

வாய் மட்டும் பொல்லாதது. டிசம்பர் முதல் தேதி பிறந்தால் வரிசை முழுக்க நடந்து எல்லோருடைய கிறிஸ்துமஸ் விளக்குகளையும் சோதிப்பாள். யாரும் கேட்டதில்லை, அவளாகவே வருவாள். வயரை விரலால் மடக்கிப் பார்ப்பாள். உறை வெடித்திருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும். வயரை ஆணியடித்து மாட்டியவன் வீட்டில் ஏணியைக் கேட்டு வாங்கி, தானே ஏறிப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் கொக்கி மாட்டுவாள். வீட்டுக்குள் வைக்கிற மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாதவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவாள்.

ஐந்தாம் எண்ணில் இருந்த லாய்டு ஃபேரிடம் அந்த வருடம் அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஏன் லாய்டு, இது டேபிள் லேம்புக்குப் போடுற வயரு. இதுல விளக்கையும் செருகி, வண்டியையும் செருகியிருக்கியே, உனக்கு மூளை இருக்கா இல்லையா?"

"போன வருஷமும் இதேதான் போட்டேன் நெட்டி."

"போன வருஷம் எரியலன்னா இந்த வருஷம் எரியாதுன்னு கடவுள் உனக்கு எழுதிக் குடுத்திருக்காரா?"

லாய்டு சிரித்தான். பதினான்காம் தேதி அவன் வீட்டு முகப்பு எரிந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டியைச் செருகுவது என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபதைத் தாண்டினால் எஞ்சின் எண்ணெய் வெல்லப்பாகாக இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு சூடேற்றி உண்டு. அதன் வயர் வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே ஒரு பிளக். குளிர்காலத்தில் வழியில் பார்த்துப் பிரியும்போது 'போய் வருகிறேன்' என்பதற்குப் பதில் 'செருகியாச்சா?' என்றுதான் கேட்போம்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் வீடுகளுக்குப் புதிய மேலாளர் வந்திருந்தார். பெயர் கிரான்ட் பெல்லமி. மேற்குக் கடற்கரை ஊர்க்காரர். கெட்டவர் இல்லை. தீ விபத்து நடந்த இரண்டாம் நாள் எல்லோரையும் பொது அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே இந்த மாதிரி நடக்கக் கூடாது. ஜனவரி ரெண்டு வரைக்கும் வெளி பிளக் இருக்கும். அதுக்கப்புறம் கிடையாது. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

நாங்கள் அதை விளக்குகள் என்று எடுத்துக்கொண்டோம். பேச்சு முழுவதும் விளக்குகளைப் பற்றித்தானே இருந்தது. நெட்டி முதலில் எழுந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடம் அவள் தனியாகக் கத்தியதை இப்போது ஓர் அலுவலகமே சொல்கிறது. ஒரு விஷயத்துக்கு மட்டும் சண்டை போட்டாள்.

"தம்பி, எங்க கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. எங்க சபைக்குப் பழைய காலண்டர். ரெண்டாம் தேதியே விளக்க அவிக்கச் சொன்னா எப்படி?"

"எல்லாருக்கும் ஒரே தேதிதாங்க. ஒருத்தருக்குன்னு மாத்த முடியாது."

"உள்ள சன்னல்ல ஏத்திக்கிறேன். அதுக்கும் பூட்டு போட்டுடாதீங்க."

எல்லோரும் சிரித்தோம். அவள் கையெழுத்துப் போட்டாள், தயங்கி நின்றவர்களையும் தள்ளிவிட்டுப் போட வைத்தாள். அந்தக் கையெழுத்துதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

ஜனவரி 3, செவ்வாய்க்கிழமை, பெல்லமி வரிசைக் கோடியில் இருக்கும் மின்பெட்டியில் வெளி பிளக்குகளுக்கான சுவிட்சை அணைத்து, பெட்டிக்குப் பூட்டும் போட்டுவிட்டார். அன்று இரவும் நாங்கள் வழக்கம்போல் வண்டிகளைச் செருகிவிட்டுத் தூங்கினோம்.

மறுநாள் காலை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தேழு. நெட்டியின் கணவர் மித்ரோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவமனையில் அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அன்று புதன். கோட்டு, கம்பளி எல்லாம் போர்த்திக்கொண்டு அவர் வாசற்கதவுக்கு உள்ளே நாற்காலியில் காத்திருந்தார். நெட்டி சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு முறை முனகியது. அவ்வளவுதான்.

வரிசையில் நின்ற பதின்மூன்று வண்டிகளில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. கடைசியில், வீடு எரிந்ததால் மகன் வீட்டில் தங்கியிருந்த லாய்டு, அங்கே கொட்டகைக்குள் நின்ற தன் வண்டியை எடுத்து வந்தான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். அடுத்த நோயாளி காத்திருந்ததால் மித்ரோவுக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது. திரும்பி வந்தபோது அவருடைய கணுக்கால்கள் வீங்கியே இருந்தன. வெள்ளிக்கிழமை முழு நேரமும் கிடைத்தே ஆக வேண்டும் என்று செவிலியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை நெட்டியோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன்.

"பெட்டியத் திறங்க தம்பி."

"அம்மா, நீங்கதான முதல் ஆளா கையெழுத்து போட்டீங்க?"

"விளக்குக்குப் போட்டேன். வண்டிக்கா போட்டேன்?"

பெல்லமி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வண்டிக்கு எதுக்குங்க பிளக்? அது விளக்கு போடுறதுக்குன்னு வச்சதுதானே?"

நான் சிரித்துவிட்டேன். நெட்டி சிரிக்கவில்லை.

"செருகியாச்சா செருகியாச்சான்னு ஊரே கேட்டுக்கிட்டுத் திரியுதே, அதெல்லாம் என்னன்னு நினைச்சீங்க?"

"விளக்கைத்தான் கேக்கறாங்கன்னு நினைச்சேன். எங்க ஊர்ல காருக்கு யாரும் பிளக் போடறதில்லீங்க."

"உங்க ஊர்ல ஜனவரியில மழை பெய்யும். இங்க பொணம் புதைக்கக் குழி தோண்ட முடியாது!"

தவறு புரிந்த பிறகாவது அவர் சாவியை எடுத்திருக்கலாம். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் இருந்த அனுதாபம் போனது. விபத்துக்குப் பிறகு தலைமை அலுவலகம் போட்ட உத்தரவு, அவராக மாற்ற முடியாது, கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.

"சரி. மித்ரோவோட உடம்பு திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்குமான்னு அதுகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று நெட்டி கதவைச் சாத்தினாள். கண்ணாடி அதிர்ந்தது.

அன்று மாலை அவள் செய்ததை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சமையலறைச் சன்னலைத் திறந்து, தடித்த ஆரஞ்சு நிற வெளி வயரை உள்ளேயிருந்து இழுத்துக் காருக்குக் கொடுத்தாள். சன்னல் இடுக்கில் துண்டுகளைத் திணித்தாள். சன்னல் நசுக்கினால் வயர் உறை கிழியும், பனி உள்ளே வரும், யாராவது தடுக்கி விழுவார்கள். இதையெல்லாம் முப்பது வருடமாக ஊருக்குச் சொன்னவள் அவள்தான். வேறு யாராவது செய்திருந்தால் வயரைப் பிடுங்கி அவர்கள் கையிலேயே கொடுத்திருப்பாள்.

மித்ரோ நாற்காலியில் இருந்தபடி, "நெட்டி, உன்கிட்ட திட்டு வாங்கினவங்க எல்லாரையும் கூப்பிடட்டுமா? ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

"வாய மூடுங்க. இல்லன்னா உங்களை நடந்தே அனுப்பிடுவேன்."

ராத்திரி முழுவதும் அவள் வயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே விழித்திருந்தாளாம். வெள்ளிக்கிழமை காலை வண்டி கிளம்பியது. மித்ரோவுக்கு முழு நேரமும் கிடைத்தது.

அன்று அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய புனித மாலை. மேசையில் பன்னிரண்டு பதார்த்தங்கள், நடுவில் கோதுமைக் கதிர்க்கட்டு, இறந்தவர்களுக்காக ஒரு காலித் தட்டு. நானும் அழைக்கப்பட்டிருந்தேன். அவர்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது கதவில் தொங்கிய கிறிஸ்துமஸ் இலை வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளும் ஒட்டியிருந்தது. சன்னல் வழியாக வயர் விட்டதற்கு 150 டாலர் அபராதம், புகைப்படத்தோடு. நெட்டி தாளைப் படித்து மடித்துக் காலித் தட்டின் அடியில் வைத்தாள். கசகசாவும் தேனும் போட்ட கோதுமைக் கூழில் மித்ரோவுக்கு அனுமதி ஒரே ஒரு கரண்டி. அதை ஊட்டிவிட்டாள். தான் எதையும் தொடவில்லை.

"ஓரெஸ்ட் அண்ணே" என்றாள் என்னிடம். "உங்ககிட்ட கம்பி வெட்டுற பெரிய கத்தரி இருக்கில்ல?"

"நாளைக்குக் கிறிஸ்துமஸ், நெட்டி."

"நாளைக்கு வேண்டாம். நாளன்னைக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி, பட்டப்பகல். குளிர் நாற்பத்தொன்றுக்கு இறங்கும் என்று வானொலி சொல்லியிருந்தது. நெட்டி கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நடந்தாள். நேராகப் பெட்டிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. முதலில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இன்னும் பிளக்கில் செருகியிருந்த விளக்கு வயர்களைப் பிடுங்கிப் போட்டாள்.

"வண்டி மட்டும்தான். ஒரு பிளக்குக்கு ஒரு வண்டி. விளக்கச் செருகுறவன் கைய இதாலேயே வெட்டுவேன்!"

தன் வீட்டு விளக்குகளையும் இறக்கிச் சுற்றி உள்ளே வைத்தாள். பழைய காலண்டர்படி திருமுழுக்குத் திருநாளான ஜனவரி பத்தொன்பது வரை அவள் விளக்கு இறங்கியதே இல்லை. அந்த வருடம்தான் முதல் முறை. பிறகு பெட்டியிடம் போய்ப் பூட்டை வெட்டினாள். இரண்டு அழுத்தில் முறிந்தது. சுவிட்சை மேலே தள்ளினாள். அன்று இரவு லாய்டு வீடு தவிர பதின்மூன்று வீட்டிலும் வண்டி செருகியிருந்தது. திங்கட்கிழமை மித்ரோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

புதன்கிழமை காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பிப்ரவரி கடைசிக்குள் போக வேண்டும். பூட்டை உடைத்தது, விதியை இருமுறை மீறியது, கையெழுத்திட்டும் மீறியது. எங்கே போவார்கள்? இந்த ஊரில் வேறு வாடகை வீடு கிடையாது. பெரிய ஊர் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

மறுநாள் லாய்டு என் கத்தரியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். "பூட்டை வெட்டினது நான்" என்றான். பின்னாலேயே மூன்றாம் எண்ணில் இருக்கும் எல்சா போய் அதையே சொன்னாள். நெட்டி வீடு தவிர எல்லா வீடும் போனது. நானும் போனேன்.

பெல்லமி தலையைப் பிடித்துக்கொண்டார். "பூட்டு ஒண்ணுதாங்க இருந்துச்சு!"

"முறை வச்சு வெட்டினோம்" என்றான் லாய்டு.

நெட்டிக்கு இது தெரிந்ததும் எங்களையும் திட்டினாள். தான் செய்ததைத் தன்னிடமிருந்து பிடுங்குகிறோமாம். அலுவலகத்துக்குப் போய், வெட்டியது நான்தான், மறுபடி பூட்டினால் மறுபடியும் வெட்டுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு வீட்டில் பெட்டிகள் கட்டத் தொடங்கினாள். மித்ரோ அவற்றைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்.

பிப்ரவரி தொடக்கத்தில் வின்னிபெக்கில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பேசிவிட்டுக் கிளம்பும்போது அவருடைய கார் கிளம்பவில்லை. நெட்டிதான் தன் வயரைக் கொடுத்தாள். எஞ்சின் சூடாகும்வரை அவர் எட்டாம் எண் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். அவர் தேநீர் குடித்த அத்தனை நேரமும் அவள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: நோட்டீஸ் ரத்து. அபராதம் ரத்து. நவம்பர் முதல் மார்ச் வரை வண்டிகளுக்கு மின்சாரம் இருக்கும். பூட்டின் விலையை மட்டும் செலுத்தவும். வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. மித்ரோவுக்குக் கிடைக்காமல் போன அந்தப் பாதி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

நெட்டி 23 டாலர் 40 சென்ட்டைக் கட்டினாள். விலை கொடுத்ததால் பொருள் தன்னுடையது என்று சண்டை போட்டு, உடைந்த பூட்டைக் கேட்டு வாங்கி வந்தாள். அது இப்போது அவள் காரின் பின்பெட்டியில், மெழுகுவர்த்தி இருக்கும் காப்பி டப்பாவுக்குள் கிடக்கிறது.

"கோபம் தீந்துச்சா?" என்று கேட்டேன்.

"அது எதுக்குத் தீரணும்?" என்றாள். "செருகியாச்சா அண்ணே?"

கடிதம் வந்த தேதி 2017 பிப்ரவரி 17.