யார் காலிலோ ஊற்றிய மஞ்சத்தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாயால் சொல்லவே கூச்சப்படுகிறவள், எழுதி என்ன கிழித்துவிடப் போகிறேன். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிக்கிற ஆள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமான மறு வருஷத்து அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் அது. அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முந்தி இருக்கும். பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசக்காட்டில், வாக்கப்பட்டது விருதுநகரில். கல்யாணப் பந்தியில் என் மாமியாரின் அக்காவுக்கு இலை போட என் பிறந்த வீட்டு ஆட்கள் மறந்துவிட்டார்கள். அந்த அம்மா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். அந்த ஒரு இலைக்காக இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. என் அம்மா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாமியார் என்னையும் அங்கே அனுப்பவில்லை.

எனக்கோ நாலு மாசம். அம்மாவிடம் சொல்ல வேண்டும். யார் மூலமாகச் சொல்வது? என் வீட்டுக்காரரிடமே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னவள் நான். ஊர் ஊராகப் போய்வருகிற வளையல்காரரிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், வளையலுக்குக் கையை நீட்டினேனே தவிர வாய் திறக்கவில்லை. அவர்தான் ஒரு சேதி கொண்டுவந்தார்.

"ஏ தாயி, ஒங்க அம்மா ஒனக்கு நேந்துக்கிட்டு இந்த வருசம் அக்கினிச்சட்டி எடுக்காக. ஒங்க தெரு வழியாத்தான் வாராகளாம். வாசல்ல நிக்கச் சொன்னாக."

சட்டியில் நெருப்பை ஏந்திக்கொண்டு செருப்பில்லாமல் வருகிறவர்களுக்கு வீட்டுக்கு வீடு மஞ்சத்தண்ணீர் ஊற்றிக் கால் குளிரவைப்போம். அதற்குப் பகையாளி பங்காளி கிடையாது. சட்டி எடுத்தவள் வாசலுக்கு வந்துவிட்டால் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊற்றாமல் விட்டால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. அம்மா அதை யோசித்துத்தான் வந்திருப்பாள்.

மாமியாருக்கும் சேதி தெரியும். வாசலில் ஒரு குடம் மஞ்சத்தண்ணீர் வைத்தார். கூட வருகிற சனங்கள் குடிக்க ஒரு பானையில் நீர்மோர், இன்னொரு பானையில் வெல்லம் கரைத்த பானக்கம். "பாத்து ஊத்து. கடைசி ஆளு வரைக்கும் காணணும். வேற தண்ணி கெடையாது" என்றார். தண்ணீர்ப் பஞ்சம் எங்கள் ஊரில் அப்படி.

இங்கே என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் நிமிர்ந்து பார்க்காத பிறவி. அந்த வீட்டில் எல்லோரையும் காலை வைத்துத்தான் எனக்குத் தெரியும். இன்னார் கால் வருகிறது, இன்னார் கால் போகிறது என்று ஒதுங்கி நிற்பேன். என் வீட்டுக்காரரைக்கூட ரொம்ப நாள் வரைக்கும் முழங்காலுக்கு மேலே அவ்வளவாகப் பழக்கமில்லை.

வெயில் உச்சிக்கு ஏறும்போது உறுமி மேளச் சத்தம் கேட்டது. "ஆகோ அய்யாகோ" என்று அம்மனைக் கூப்பிட்டுத் தெருவே அலறியது. சிவகாசியில் வெடிக் கம்பெனி வேலைக்குப் போகிற எதிர்வீட்டுக்காரர் ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டார். சட்டிப் புகையோடு வெடிப் புகையும் சேர்ந்துகொண்டது. தெரு பூராவும் மஞ்சள் சேலை, முகம் பூராவும் மஞ்சள். நிமிர்ந்து பார்த்திருந்தாலும் ஆள் தெரிந்திருக்காது என்று பின்னால் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நான் நிமிரவே இல்லை.

அம்மாவின் கால் எனக்குத் தெரியாதா? குதிகாலில் பித்தவெடிப்பு, வெடிப்புக்குள் எத்தனை தேய்த்தாலும் போகாத கரிசல் மண். அந்தக் கால் புகைக்குள்ளிருந்து வந்து என் முன்னால் நின்றது. சிக்கனமாவது ஒன்றாவது. குடத்தை அப்படியே கவிழ்த்தேன். உட்கார்ந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டேன். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, "எம்மா, எனக்கு நாலு மாசம்மா!" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தானா சரவெடி ஓய வேண்டும், உறுமிக்காரரும் கையை நிறுத்த வேண்டும்?

மேலேயிருந்து ஒரு கட்டைக்குரல் சொன்னது: "நல்லாரு தாயி. சுகமாப் பெத்தெடு. இப்பக் காலை விடு, சட்டி கொதிக்கு."

அது அம்மாவின் குரல் இல்லை. கரிசக்காட்டில் எந்தப் பொம்பளைக்குத்தான் பித்தவெடிப்பு இல்லை? அந்த நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது.

என் நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயய்யோ, ஒங்க அம்மா அந்தா பின்னால வாராக! இது யாரு பெத்த தாயோ!"

அம்மா வந்து நின்றாள். நான் குடத்தை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. அதுவும் என் கால் மேல். அம்மாவின் கால் சூடு தாங்காமல் மாறி மாறி மிதித்தது. தெரு சனம் எங்கள் வாசலையே பார்த்தது. சம்பந்தி வீட்டில் தண்ணீர்கூட ஊற்றவில்லை என்று அம்மா அப்படியே நடந்திருந்தால், அந்த ஜென்மத்துக்கு இரண்டு வீடும் சேர்ந்திருக்காது. நான் குடத்தைக் கட்டிக்கொண்டு மரம்போல நின்றேன்.

"நில்லுங்க மதினி!"

மாமியார் குரல். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை. கையில், வாசலில் இருந்த இரண்டு பானையில் ஒன்று. அப்படியே அம்மாவின் காலில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஒங்க மகளுக்கு மசக்கை. கண்ணும் தெரியல, ஆளும் தெரியல. யாரோ ஒருத்தி கால்ல போயி விழுந்து கெடக்கா. நாலு மாசம். தெருவுக்கே தெரிஞ்சு போச்சு, பெத்தவுக ஒங்களுக்குத்தான் தெரியாது."

அம்மா சட்டிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "கோயில்ல எறக்கி வச்சிட்டு வாரேன் மதினி" என்றாள்.

"வாங்க வாங்க. எங்க வீட்ல இலை போட மறக்க மாட்டோம்."

குத்தல்தான். ஆனால் அம்மா வந்தாள், அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாகிற வரைக்கும் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். "மோருதான் ஊத்துனேன், காலு குளுரட்டும்னு" என்பார் மாமியார். "பானக்கம் மதினி, கோயில் போயிச் சேருமுன்ன கால் பூரா ஈயும் மண்ணும்" என்பாள் அம்மா. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்து ஊரார் காலையே பார்த்தவள், அந்த ஒரு நேரம் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் விழுந்தது என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்?

நாத்தனார் இப்போது சாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். காது மந்தம், ஞாபகம் என்னைவிடத் தேவலை. நான் கேட்டால் சிரித்தே கொல்வாள். இதைப் படிக்கிறவர்களில் நம் ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், மோரா பானக்கமா என்று அவளிடம் கேட்டு, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.