மூன்றாம் இடத்துக்கு ஒரு பூசை

இங்கிலாந்தில் நான்காம் டிவிஷனில் ஆடுகிற ஒரு சின்ன ஊர் கால்பந்து கிளப்புக்காக, வில்லியனூர்ப் பக்கம் ஒருவன் சோறு இறங்காமல் கிடந்தான் என்றால் சிரிப்பீர்கள். அவன் நான்தான்.

அந்த இங்கிலாந்து ஊரின் குடோன் ஒன்றில் என் அண்ணன் வேலை பார்க்கிறான். அப்பாவின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. போனில் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். ஆறு வருடம் பேச்சில்லை. போன ஆகஸ்டில் திடீரென்று ஒரு மேட்ச் ஸ்கோரை அனுப்பினான். பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டேன். அப்புறம் மேட்ச் முடிந்தால் போன் வரும். கோல், கார்னர், கோல்கீப்பரின் முழங்கால். அப்பாவைப் பற்றி மூச்சு விடமாட்டான். அந்தக் கால்பந்துப் பேச்சே எனக்குப் பெரிதாக இருந்தது.

பாழாய்ப்போன கிளப் ஜெயித்துக்கொண்டே போனது. கடைசி மேட்ச்சில் ஜெயித்தால் மூன்றாம் இடம், நேராக மேல் டிவிஷன், சீசன் அன்றோடு சரி. ஜெயிக்காவிட்டால் பிளே-ஆஃப், இன்னும் இரண்டு மூன்று மேட்ச். எனக்கு இன்னும் இரண்டு மூன்று போன்.

"நம்ம கோயில்ல பூச குட்றா. ஜெயிக்கணும்னு எழுதிக் குடு" என்றான் அண்ணன்.

எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு முன், யார் என்ன வேண்டிப் பூசை கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். சீட்டு எழுதி, சாமியார் அறை வரை போய்விட்டேன். செருப்பைக் கழற்றினேன். மாதா கேட்டுக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மேட்ச் அன்று சாயங்காலம் வீடு கொள்ளவில்லை. பைக்கில் அரியூர் போய் ஒரு டீ, திருபுவனை போய் இன்னொரு டீ. போனில் ஸ்கோர் பார்த்தபடி இருந்தேன்; எண்பது நிமிஷம் வரை ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடியட்டும் என்று வேண்டினேன். என்னைப் போல அற்பன் உண்டா என்று வெட்கமாகவும் இருந்தது. கடைசி நிமிஷத்தில் எங்கள் கிளப் கோல் போட்டது. என்னை அறியாமல் கத்தினேன், பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி ஓய்ந்ததும் மூன்றாவது டீ சொன்னேன்.

போன் வந்தது. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தான்.

"பூச பலிச்சிடுச்சிடா!"

"நான் குடுக்கல ண்ணா. ஜெயிச்சிட்டா நீ போன் பண்ண மாட்டியேன்னு குடுக்கல."

 போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"அப்பாவ எங்கடா வச்சீங்க?" என்று கேட்டான். "அம்மா கல்லற பக்கத்துலயா?"